வலது பக்கத்து கிட்டார்

டேப் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்றாள் தமயந்தி, இந்த ஸ்டூடியோவின் எஞ்சினியர். அந்தக் காலத்தில் டேப்பைப் பாட்டு முடிந்த நிலையிலேயே எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுவார்கள், வாலிலிருந்து தலைக்குச் சுற்றிய பிறகுதான் கேட்க முடியும், நாற்பத்தேழு வருடமாகப் பெட்டியில் கிடந்ததை வேகமாகச் சுற்றினால் அறுந்துவிடும் என்று மெர்ஸிக்கு விளக்கினாள். அவசரம் ஒன்றுமில்லை என்று நான் சொன்னேன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. இந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் நான் ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். தமயந்தி, மோனோவில் போடுங்க. மூன்று வார்த்தை. அவள் மேஜையில் வலது கைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சதுரப் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் இடது பக்கத்துச் சத்தமும் வலது பக்கத்துச் சத்தமும் கலந்து நடுவில் வந்துவிடும், எது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. எழுபத்தாறில் எங்கள் ரெக்கார்ட் அப்படித்தான் வெளிவந்தது. எல்லோரும் அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். பழையபடியே வரட்டும் என்று ஒரு கிழவன் ஆசைப்படுவதில் தவறென்ன இருக்கிறது. ஆனால் அன்று எங்களைப் பதிவுசெய்த வரதராஜன் வீட்டுப் பரணில் ஸ்டீரியோ மாஸ்டர் டேப் கிடைத்தது என்பதற்காகத்தானே கம்பெனிக்காரர்கள் ரெக்கார்டை மறுபடி வெளியிடவே ஒத்துக்கொண்டார்கள். வரதராஜன் உயிரோடு இருந்தால் அந்தப் பெட்டியை யார் கையிலும் கொடுத்திருக்கமாட்டார். கேட்டவனிடம், அது பூஞ்சை பிடிச்சுப் போச்சு என்று சொல்லியிருப்பார். அவர் மகன் நல்ல பையன், துடைத்துக் கொடுத்துவிட்டான். மேஜையில் கிடக்கிறது அந்தப் பெட்டி. மேலே வரதராஜன் கையெழுத்து, ஐசக் தேவசித்தம் குவார்ட்டெட், மூன்று பாட்டு, அவற்றின் பெயர், தேதி. முதல் பாட்டு 'ஆறு நாற்பது'. சுற்றும்போது அது கடைசியாக வரும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வெள்ளை நாடா ஒட்டியிருக்கும். இரண்டு வெள்ளை. இரண்டாவது வெள்ளை போனால் அதற்கப்புறம் நான்கைந்து நிமிடம்தான்.

மெர்ஸியை அங்கே உட்காரவைத்திருக்கக் கூடாது. உள்ளே வந்ததும் அவள் எங்கே உட்கார என்று நின்றாள், நான் முந்திக்கொண்டு வலது ஸ்பீக்கருக்கு நேராகக் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, இங்க உட்காரு மெர்ஸி, நோயல் எப்பவும் வலது பக்கம்தான், இந்த ஸ்பீக்கர்லதான் வருவான் என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. முப்பது வருடம் கோடம்பாக்கத்தில் சினிமா ரெக்கார்டிங்குகளில் நாற்காலி பார்த்து உட்கார்ந்த பழக்கம், இடது முதல் கிட்டார், வலது இரண்டாவது கிட்டார், யாராவது வந்து நின்றால் இடம் காட்டுவது. இப்போது அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஸ்பீக்கரின் கறுப்பு வலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதற்குள்ளிருந்து ஆள் வரப்போவதுபோல. என்னோடு இரண்டாவது கிட்டார் வாசித்த நோயலின் தங்கை. எழுபது வயது. இருபத்தெட்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள், ஒருதடவை கேட்ட குரலை மறக்கமாட்டாள். அவள் காதுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டது நான். ஏ.சி. நேராக என் கழுத்தில் அடிக்கிறது. டேப்பிலிருந்து ஊறுகாய்ப் பாட்டில் மூடியைத் திறந்ததுபோல ஒரு புளிப்பு வாசனை வருகிறது. மூன்று நாள் மிதமான சூட்டில் வைத்து ஈரத்தை எடுத்தேன் என்று தமயந்தி சொன்னாள். மூன்று நாள் சூட்டிலுமா அது கெட்டுப்போகவில்லை. நினைத்துவிட்டேன். என் பாட்டு, நான் எழுதிய மூன்று பாட்டு, என் பெயர் போட்ட ஒரே ரெக்கார்ட், அது கெட்டுப்போயிருக்கலாமே என்று நான் நினைக்கிறேன். ஸ்டீரியோ என்றால் என்ன என்று மெர்ஸி தமயந்தியிடம் கேட்கிறாள். தமயந்தி சொல்கிறாள், ரெண்டு மைக்கும்மா, சார் முன்னாடி ஒண்ணு, உங்க அண்ணன் முன்னாடி ஒண்ணு, சார் வாசிச்சது இந்தப் பக்கம் வரும், அவர் வாசிச்சது அந்தப் பக்கம் வரும், கண்ணை மூடிக்கிட்டா ரெண்டு பேரும் எதிர்ல உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்கும். மெர்ஸி தலையாட்டுகிறாள். புரிந்துவிட்டது. நன்றாகப் புரிந்துவிட்டது.

எதிரில் உட்கார்ந்திருக்கவில்லை, பக்கத்தில். கைநீட்டினால் தொடும் தூரம். அன்று சினிமா ரெக்கார்டிங் ஒன்று ரத்தாகி மதியம் இரண்டிலிருந்து ஆறுவரை ரெக்கார்டிங் தியேட்டர் காலியாகக் கிடைத்தது, வரதராஜன் யாருக்கும் சொல்லாமல் கதவைத் திறந்துவிட்டார். மூன்று பாட்டையும் வெட்டாமல் ஒட்டாமல் ஒரே டேக்கில் எடுப்பது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன், ஜாஸ் என்றால் அப்படித்தான் என்று. 'ஆறு நாற்பது' என்பது காலையில் அந்த நேரத்துக்கு ஊதும் பெரம்பூர் ரயில் பணிமனைச் சங்கு. நோயல் அங்கே ஃபிட்டர், அந்தச் சங்குக்குத்தான் எழுந்திருப்பான். அதன் சுருதியிலேயே பாட்டு ஆரம்பிக்கும். மூன்றாவது நிமிடத்தில் என் சோலோ, நான் தனியாக வாசிக்க வேண்டிய இடம். என் இடம் வருகிறது, வருகிறது, வந்துவிட்டது, கையில் ஒன்றுமில்லை. மறந்துபோவது வேறு, இது வேறு. விரல்கள் கிட்டார் கழுத்தின்மேல் இருக்கின்றன, எனக்குத் தெரிகிறது, அவை வேறு யாருடையவோ போல இருக்கின்றன. இப்போது ஏ.சி.யில் மடியில் கிடக்கும் இந்தக் கையைப்போல. டிரம்ஸ் போய்க்கொண்டிருக்கிறது, பேஸ் போய்க்கொண்டிருக்கிறது. நோயல் என்னைப் பார்த்தான். ஒரு தாளச் சுற்று காத்திருந்தான். அப்புறம், பேச்சை விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறவன்போல, அவன் வாசிக்க ஆரம்பித்தான். நாற்பத்தெட்டு வினாடி. நான் பின்னால் எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதுவரை சோலோ என்று ஒன்றைப் பொதுவில் வாசித்தவனே இல்லை, சாயங்காலம் நாங்கள் வாசித்த ஓட்டலில் நான் தலையாட்டிக் கூப்பிட்டால்கூட வேண்டாம் மேன், நீ போ என்பான். முடித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை அசைத்தான், இந்தா என்று. நான் வாங்கிக்கொண்டு மீதிப் பாட்டை வாசித்து முடித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரதராஜன் எழுந்து நின்றிருந்தார். ஒரே டேக். பொய் இல்லை. உறையில் ஒரே டேக் என்று அச்சடித்தது பொய் இல்லை. அந்த ஒரு வரி பொய் இல்லை.

முதல் வெள்ளை. போகிறது என்று நினைக்கும்போதே சக்கரம் தடுமாறியது, தமயந்தி கையால் பிடித்து நிறுத்திவிட்டாள். ஒட்டு விட்டிருந்தது. பழைய பசை காய்ந்து தூளாகியிருந்தது. பயப்படாதீங்க சார், வெள்ளை நாடாவில்தான் விட்டிருக்கு, பாட்டுல இல்ல என்றாள். நான் பயப்படவில்லை, என் முகத்தில் என்ன பார்த்தாளோ. ஒட்டுவதற்குள் ஏதாவது பேச வேண்டும் என்பதுபோல அவளே பேசினாள். கம்பெனிக்காரர்கள் உறைக்குள் வைக்கும் புத்தகத்தின் அச்சுப்படியை அனுப்பியிருக்கிறார்களாம், ஒரு பக்கம் முழுக்க அந்தச் சோலோவைப் பற்றித்தானாம். இந்தியாவில் கிட்டாரில் அதுவரை யாரும் அப்படி ஒரு தயக்கத்தை வாசித்ததில்லை என்று எழுதியிருக்கிறார்களாம். நான் அதைப் படித்திருக்கிறேன். சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியும் விட்டேன், இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தி. மெர்ஸி அவளிடம், எங்க அண்ணனப் பத்தி ஏதும் போட்டிருக்காங்களா என்று கேட்டாள். கூட வாசித்தவர்கள் வரிசையில் பெயர் இருக்கிறது என்றாள் தமயந்தி. அது போதும் என்றாள் மெர்ஸி. போதும் என்று சொன்னவள் நிறுத்தவில்லை. வெளிநாட்டில் பெர்த் நகரத்தில் இருக்கும் நோயலின் பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். மூன்று பேர். தாத்தா கிட்டார் வாசிப்பார் என்றால் அவர்கள் நம்புவதில்லை. வீட்டில் கிட்டாரே கிடையாது. எண்பத்திரண்டில் குடும்பத்தோடு போனவன் கிட்டாரை இங்கேயே அவளிடம் விட்டுவிட்டுப் போனான், அங்கே போய் பஸ் டிப்போவில் வேலைபார்த்து ஓய்வுபெற்று, போன வருடம் செத்துப்போனான். ரெக்கார்டைப் போட்டுக்காட்டினால் பின்னால் ஜக் ஜக் என்று கேட்கிறதே அதுவா தாத்தா என்று சிரிக்கிறார்களாம். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஐசக் அண்ணா, அவன் மட்டும் தனியா வாசிக்கிற மாதிரி ஒரு இடம், அரை நிமிஷம் இருந்தாக்கூடப் போதும். இந்தம்மா போன்ல போட்டுத் தரேன்னு சொல்லியிருக்காங்க. அந்தப் பசங்களுக்கு அனுப்பணும். அப்படி ஏதாவது இருக்கா இதுல?" கேட்போம் என்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். கேட்போம் என்றேன். தமயந்தி புது நாடாவை ஒட்டி நகத்தால் தேய்த்துவிட்டு மறுபடி சுற்றவிட்டாள்.

மோனோவில் போட்டால் அவளுக்கு என்ன நஷ்டம். ஜக் ஜக் கேட்கும். இப்போது என்ன இருக்கிறதோ அதுதான் அப்போதும் இருக்கும், எதுவும் கூடாது, குறையாது. அப்படி நினைத்துத்தானே அன்றைக்கும். ரெக்கார்டிங் முடிந்ததும் வரதராஜன் என்னை வராந்தாவில் பிடித்தார், அடுத்த ரெக்கார்டிங்குக்கு வயலின்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள், கையில் பென்சிலோடு, பேர் எப்படிப் போடறது ஐசக் என்றார். கிட்டார் ஐசக் தேவசித்தம், ரிதம் கிட்டார் நோயல் ஹிக்ஸ் என்றேன். எங்கள் ஊர் வழக்கம் அதுதான், யார் என்ன வாசித்தார் என்று யாரும் எழுதுவதில்லை, யார் எந்த நாற்காலி என்றுதான் எழுதுவார்கள். அவர் பென்சிலை நிறுத்தி என்னைப் பார்த்தார். அச்சுக்குப் போவதற்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டு மோனோவாகப் போட்டுவிடலாமா, அதுதான் நல்லது என்றார். நல்லது என்றேன். நாங்கள் இருவரும் அதைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை, கடைசிவரை. ரெக்கார்ட் வந்ததும் பெரம்பூருக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை, கோவிலுக்குப் போய்விட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நோயல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். மெர்ஸிதான் பிளேயரில் போட்டாள், இதே மெர்ஸி, அப்போது இருபத்துமூன்று வயது, உறையைத் திருப்பித் திருப்பிப் படித்தாள், அண்ணன் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்தாள். சோலோ வந்தது. நோயல் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. எலும்பை ஓரத்தில் வைத்தான். முடிந்ததும், "நல்லா வாசிச்சிருக்கே மேன்" என்றான். கேலியா என்று பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். சிரித்துவிட்டேன். அவன் அம்மா இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்கள்.

சக்கரம் ஒரே சீராகச் சுற்றுகிறது. இடது தட்டு மெலிந்து வலது தட்டு பருத்து, இல்லை, சுற்றும்போது மாறி, எது எந்தப் பக்கம். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். இது என் பழக்கம் இல்லை, இதுவும் வாங்கிக்கொண்டதுதான். ரெக்கார்ட் வந்து இரண்டு மாதத்தில் இசையமைப்பாளர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள், அந்த மாதிரி வாசி ஐசக், அந்த ஆறு நாற்பது மாதிரி. ஓட்டலில் அதைக் கேட்டுச் சீட்டு எழுதி அனுப்பினார்கள். வாசித்துத்தானே ஆகவேண்டும். என் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு என் ரெக்கார்டை நானே போட்டு, முள்ளைத் தூக்கித் தூக்கி வைத்து, என் சோலோவை நான் கற்றுக்கொண்டேன். மூன்று வாரம். எல்லா ஸ்வரமும் சரி, ஆனாலும் அது இல்லை. ஒரு இடத்தில் மேலே போகவேண்டியது போகாமல் ஒரு நொடி நின்று, தாவிப் போகும். புத்தகத்துக்காரர்கள் தயக்கம் என்று எழுதியிருக்கிறார்களே, அது. என் கை அந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு போய்விடும். பிறகு ஒருநாள்தான் உறைத்தது. நோயலுக்கு இடது சுண்டுவிரல் மடங்காது, பணிமனையில் ஒரு கதவு நசுக்கியது. மூன்று விரலால் வாசிக்கிறவன் அந்த ஸ்வரத்துக்குக் கையையே நகர்த்த வேண்டும், நகர்த்துகிற நேரம்தான் அந்தத் தயக்கம். நான் சுண்டுவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். வந்துவிட்டது. அதற்கப்புறம் நாற்பது வருடம் அப்படித்தான் வாசித்தேன். மாணவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், அவர்களும் மடக்கிக்கொண்டார்கள். இந்த ஊரில் எங்கே போய் யார் ஆறு நாற்பது வாசித்தாலும் அந்த இடத்தில் சுண்டுவிரல் உள்ளே போய்விடும். ஒரு பெண் மட்டும், சார் இங்க சுண்டுவிரலை வச்சா சுலபமா வருதே, ஏன் மடக்கணும் என்று கேட்டாள். சுலபமா வரக் கூடாது என்று சொன்னேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். நோயல் இதற்கெல்லாம் முன்பே ஓட்டலில் வாசிப்பதை விட்டிருந்தான். நான் அதை மேடையில் வாசித்த முதல் சாயங்காலம் அவன் என் வலது பக்கம்தான் உட்கார்ந்திருந்தான், ஜக் ஜக் என்று பிடித்துக்கொண்டு. என் விரலைப் பார்த்தான். சோலோ முடிந்தால் வாசித்தவர் பெயரை மைக்கில் சொல்வது எங்கள் பழக்கம், கையை அவர் பக்கம் நீட்டிப் பெயரைச் சொன்னால் கூட்டம் கைதட்டும். மற்றவர்களுக்கு நான் சொல்வேன். எனக்கு யார் சொல்வது, அவன்தான் சொல்வான். அன்றைக்கும் மைக் பக்கம் குனிந்து சொன்னான். கிட்டார், ஐசக் தேவசித்தம். கைதட்டினார்கள். அடுத்த வாரம் ஷிஃப்ட் மாறிவிட்டது, வர முடியாது என்று சொல்லி அனுப்பினான்.

இரண்டாவது வெள்ளை. இந்த ஒட்டு விடவில்லை. இனி சுற்றுவது அதுதான், பின்னாலிருந்து முன்னால், நான் முடித்து, அவன் முடித்து, அவன் தொடங்கி, நான் நின்றுபோய், சங்கு வரைக்கும். மெர்ஸி பையிலிருந்து பெப்பர்மிண்ட் எடுத்து தமயந்திக்குக் கொடுத்தாள், எனக்கும் நீட்டினாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.  மூன்று வார்த்தை. செத்துப்போனவனுக்கு இனி என்ன. மாணவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் முகத்தை யார் பார்ப்பது. எழுபத்தாறு வயதில் ஒருவனிடமிருந்து ஒன்றைப் பிடுங்கினால் மீதி என்ன இருக்கும், பாட்டு இருக்கும், பாட்டு நான் எழுதியது, அதை யாரும் ஒன்றும், ஆனால் பாட்டை யார் நினைவு வைத்திருக்கிறார்கள், நாற்பத்தெட்டு வினாடியைத்தான். டேப்பின் முனை கழன்று பட் பட் என்று தட்டியது. தமயந்தி அதைப் பிடித்து மெஷினில் கோத்தாள். "தமயந்தி, மோனோவில் போடுங்க" என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். அப்போ எப்படி வந்ததோ அப்படி முதல்ல கேட்போம் என்றேன், ஒத்திகை பார்த்ததுபோலச் சரளமாக வந்தது. சரி சார் என்று அவள் அந்தப் பொத்தானை அழுத்தினாள். அவ்வளவுதான். இவ்வளவு சுலபம்.

சங்கின் சுருதியில் பாட்டு ஆரம்பித்தது. இரண்டு கிட்டாரும் நடுவில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, காற்றில்லாமல். மெர்ஸி வலது ஸ்பீக்கரிடம் காதைக் கொண்டுபோனாள். ஒரு நிமிடம் அப்படியே இருந்தாள். பிறகு எழுந்து நின்று இடது ஸ்பீக்கரைப் பார்த்தாள், மறுபடி வலது. "அண்ணா, இந்தப் பக்கம் வருவான்னீங்களே. காணோமே" என்றாள். பழைய டேப் இல்லையா என்று நான் ஏதோ சொன்னேன். தமயந்தி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெர்ஸி உட்கார்ந்துவிட்டாள். பரவாயில்லை என்றாள், என்னிடம் அல்ல, அந்தக் கறுப்பு வலையிடம். கைக்குட்டையை எடுத்து மடித்து மறுபடி பைக்குள் வைத்துப் பையை மூடினாள். கிளம்புகிறவள் பையை மூடுகிற மாதிரி. இரண்டு நிமிடம் ஐம்பது. என் இடம் வருகிறது. வருகிறது, எனக்கு அதன் ஒவ்வொரு அடியும் தெரியும், டிரம்ஸ் ஒருமுறை உருண்டு வரும், அதற்கப்புறம் ஒரு சுற்று வெறுமையாக இருக்கும், நான் நின்றுபோன சுற்று, உலகமே மௌனத்தின் அழகு என்று புகழ்கிற சுற்று. உருண்டது. வெறுமை. நான் எழுந்துவிட்டேன். எழ வேண்டும் என்று நினைத்ததாக நினைவில்லை. இரண்டு எட்டு. தமயந்தியின் கைக்கு மேலாகக் கையை நீட்டி அந்தப் பொத்தானை அழுத்தினேன், அதன் விளக்கு அணைந்தது, அறை இரண்டு பக்கமும் அகலமாகத் திறந்துகொண்டது. இடது பக்கம் ஒன்றுமில்லை. அங்கே ஒரு மனிதன் விரலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது கேட்டது. வலது பக்கத்தில் நோயல் வாசிக்க ஆரம்பித்தான்.

நாற்பத்தெட்டு வினாடி. மூன்று விரல், நகரும் கை, அந்தத் தாவல். ஸ்டீரியோவில் நாற்காலி கிரீச்சிடுவதுகூடக் கேட்டது. மெர்ஸி அசையவில்லை. கை பையின்மேல் அப்படியே இருந்தது. தமயந்தி என்னைப் பார்த்தாள், இடது ஸ்பீக்கரைப் பார்த்தாள், அச்சுப்படி கிடந்த பக்கம் பார்த்தாள். நோயல் முடித்தான். இந்தா என்று தலையை அசைத்திருப்பான், அது டேப்பில் இல்லை. நான் ஓட்டலில் நிற்பதைப்போல நின்று, கையை வலது பக்கம் நீட்டினேன். "கிட்டார், நோயல் ஹிக்ஸ்" என்றேன்.  இடது ஸ்பீக்கரில் நான் வாசிக்கத் தொடங்கியிருந்தேன், நல்லபடியாகவே வாசித்தேன், யாரும் கேட்கவில்லை.

பாட்டு முடிந்தது. மெர்ஸி என்னைப் பார்த்தாள். எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்தில் இணைப்பைத் துண்டிக்குமுன் இப்படித்தான் ஒரு கணம் காத்திருப்பாளோ என்னவோ. பிறகு நாற்காலியைத் தமயந்தியின் பக்கம் திருப்பிக்கொண்டாள். போனை எடுத்து ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்தாள்.

"அம்மா, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவ போடுங்க. நானே எடுத்துக்கிறேன்" என்றாள். "அவரைக் கொஞ்சம் பேசாம இருக்கச் சொல்லுங்க."

நான் என் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தேன். தமயந்தி டேப்பைப் பின்னால் சுற்றவிட்டாள். அரை நிமிடம்தான் ஆகும்.